முதுகு வலிக்கிறது என்று குழந்தை சொல்லாது

நேற்றுவரை ஓடிய இரண்டு வயதுக் குழந்தை இன்று கீழே விட்டால் அழுகிறது, மடியில்கூட உட்கார மறுக்கிறது. வீட்டுப் பெரியவர்கள் "உரம் விழுந்திருக்கு" என்று சேலையில் போட்டு உருட்டுவார்கள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளை என்றால் எண்ணெய் தடவிச் சுளுக்கு வழிப்பார்கள். முதல் தவறு இதுதான். முதுகெலும்பிலோ எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் உள்ள டிஸ்க்கிலோ கிருமி புகுந்திருந்தால் அந்த இடம் இழுப்பையும் உருட்டலையும் தாங்காது.

காலைத் தூக்கி வைக்க மறுப்பதால் இடுப்பையும் முழங்காலையும் மட்டும் படம் எடுத்து அனுப்பிவிடுவதும் உண்டு. சில பிள்ளைகள் வயிற்றைத்தான் காட்டுவார்கள். ஒரு பொம்மையைத் தரையில் போட்டு எடுக்கச் சொல்லிப் பாருங்கள். முதுகில் நோவு உள்ள குழந்தை குனியாது. முதுகை விறைப்பாக வைத்து முழங்காலை மடக்கி எடுக்கும், தொடையில் கையூன்றி எழும். அதை மொபைலில் பதிவு செய்து டாக்டரிடம் காட்டுங்கள். அங்கே போனதும் பிள்ளை அழ ஆரம்பித்துவிடும்.

காய்ச்சல் இல்லை, எக்ஸ்ரே நார்மல், அதனால் பயமில்லை என்று நினைப்பது அடுத்தது. டிஸ்க் தொற்றில் காய்ச்சல் லேசாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். சீக்கிரம் காட்டுவது எம்ஆர்ஐ ஸ்கேன்தான். கூடவே உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனைகளும் பார்ப்பார்கள். பிள்ளை மிகவும் வாடிப்போகாத நிலையில், ரத்தத்தைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு) எடுக்கும் முன்பே ஆன்டிபயாடிக் ஆரம்பித்தால் எந்தக் கிருமி என்பதே தெரியாமல் போகலாம். மெடிக்கலில் கேட்டு வாங்கிக் கொடுக்கும் இரண்டு நாள் மாத்திரையும் அதே வேலையைத்தான் செய்யும்.

நம் ஊரில் காசநோயை மறக்கவே கூடாது. இருமல் இல்லாமலேயே அது முதுகெலும்பில் வரும். எடை குறைவு, தூக்கத்தில் வலியால் வீறிடுவது, முதுகில் சின்னப் புடைப்பு இவற்றைக் கவனியுங்கள். காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி போட்டாகிவிட்டதே என்று அலட்சியம் வேண்டாம். கால் தளர்ந்தாலோ சிறுநீர் வராமல் போனாலோ அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காசநோய் மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். முதுகெலும்புக் காசநோய்க்கு வழக்கமாக ஒரு வருடம் வரை சாப்பிட வேண்டியிருக்கும். இரண்டு மாதத்தில் வலி போய்ப் பிள்ளை விளையாட ஆரம்பித்ததும் நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியோடு திரும்ப வர நேரலாம்.

மருந்து முடிந்தாலும் செக்கப் முடியாது. முதுகெலும்புக் காசநோய் வந்த 61 குழந்தைகளை 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து முதுகெலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், 39 சதவீதம் பேருக்கு வளர வளரக் கூன் அதிகமானது. அதனால் உயரம் நிற்கும்வரை அவ்வப்போது முதுகைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.