அரிவாள்மனையைப் பிடுங்காதீர்கள்: முதியோர் நலப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயதானவர்களின் வீட்டுக்கே போய் உடற்பயிற்சி, சாப்பாடு, மருந்து ஒழுங்கு என்று சொல்லிக்கொடுக்கும் ஹெல்த் கோச் வேலைக்கு இப்போது நிறைய இளைஞர்கள் வருகிறார்கள். பிசியோதெரபி படித்தவர்கள், நர்சிங் முடித்தவர்கள், யோகா ஆசிரியர்கள் எல்லாம் இதில் இருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அவர்களோடு வீடுகளுக்குப் போகும்போது, எங்கள் தலைமுறை ஆரம்பத்தில் செய்ததையே அவர்களும் செய்வதைப் பார்க்கிறேன். நேரத்துக்குப் போகாதது, பிபி எழுதி வைக்காதது போன்றவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அதெல்லாம் வேலை பழகப் பழகச் சரியாகிவிடும். அனுபவம் வந்த பிறகும் போகாத தவறுகள் சில உண்டு.

பத்திரம் என்று சொல்லி வேலையைப் பிடுங்குவது

மதுரையில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 76. பிள்ளைகள் வெளியூரில். தனியாகத்தான் இருந்தார். தினமும் காலையில் தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் காய் நறுக்குவார், துணி துவைத்து மாடிக்குக் கொண்டுபோய்க் காயப்போடுவார். ஒருநாள் கொல்லைப்புறத்தில் ஈரத்தில் வழுக்கி விழுந்தார். எலும்பு எதுவும் முறியவில்லை, இடுப்பில் ரத்தக்கட்டு மட்டும்.

பிள்ளைகள் பதறிப்போய் ஒரு கோச்சை ஏற்பாடு செய்தார்கள். அவரும் நல்ல மனதோடு ஒரு திட்டம் எழுதிக்கொடுத்தார்: மாடி ஏறக்கூடாது, அடுப்படிக்குப் போகக்கூடாது, தரையில் உட்காரவே கூடாது, முழுநேரமும் ஓர் ஆள் கூட இருக்க வேண்டும். வாரத்தில் மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்தபடி கை கால் அசைக்கும் பயிற்சி.

வேலைக்கு வந்த பெண்ணும் தங்கமானவர். காபி கட்டிலுக்கே வந்தது, தட்டு கைக்கே வந்தது. எழுந்திருக்கும் முன்பே அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

சில மாதங்கள் கழித்து நான் போனபோது டீச்சர் நாற்காலியிலிருந்து எழுவதைப் பார்த்தேன். இரண்டு கைகளாலும் பிடியை அழுத்தி, முன்னும் பின்னும் இரண்டு முறை ஆடி, பாதி எழுந்து, அந்தப் பெண்ணின் தோளைத் தேடினார். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை உட்கார்ந்து எழ முடிகிறது என்று பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. 75 முதல் 79 வயதுப் பெண்களுக்குப் பத்துக்குக் கீழே வந்தாலே விழும் அபாயம் கூடுதல் என்று கணக்கு. டீச்சரால் கையை ஊன்றாமல் ஒரு முறைகூட எழ முடியவில்லை. விழுந்ததால் போகாத கால் பலம், பத்திரமாக வைத்திருந்ததில் போயிருந்தது.

இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. 2007-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சராசரி 67 வயதுள்ள ஆரோக்கியமான பெரியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை குறைந்திருந்தது. வெறும் பத்து நாள்! வீட்டில் நாம் மாதக்கணக்கில் உட்கார வைக்கிறோம். அதற்கு வாரம் மூன்று நாள் கை ஆட்டும் பயிற்சி எந்த மூலைக்கு?

நாள் முழுக்க அவர்கள் செய்துவந்த வேலைகளில்தான் அசல் பயிற்சி இருக்கிறது. தரையில் உட்கார்ந்து எழுவதும், குடத்தைத் தூக்கி வைப்பதும், கொடியில் துணி போடக் கையை உயர்த்துவதும் உடம்புக்குத் தரும் பலத்தை நம் அட்டவணை ஈடுகட்டாது. அதனால் ஒரு வேலையை நிறுத்தச் சொல்லும் முன் அதை எப்படி மாற்றினால் தொடரலாம் என்று யோசியுங்கள். டீச்சர் வீட்டில் அப்படித்தான் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தோம். முதலில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கத்தியால் காய் நறுக்கினார். அப்புறம் அடுப்படியில் மேடையைப் பிடித்து நின்றபடி காபி போட்டார். துணிக்கொடியைக் கீழ்த்தளத்தில் தோள் உயரத்துக்குக் கட்டினோம். நாற்காலியில் தலையணை போட்டு உயரமாக்கி எழப் பழக்கி, கால் தேறத் தேறத் தலையணையை எடுத்தோம். வேலைக்கு இருந்த பெண்ணிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: பக்கத்தில் நில்லுங்கள், பிடிக்காதீர்கள். ரவிக்கைக்குக் கொக்கி மாட்ட ஐந்து நிமிடம் ஆனால் ஆகட்டும்.

இப்போது தன் காபியைத் தானே போட்டுக்கொள்கிறார், குளியலறைக்குத் தனியாகப் போய் வருகிறார். ஆனால் தரையில் உட்கார்ந்து எழ மட்டும் இன்றுவரை முடியவில்லை. அந்த அரிவாள்மனை பரண் மேல் கிடக்கிறது.

ஒரு விதிவிலக்கு. மறதி நோய் இருந்து, அடுப்பை அணைக்க மறக்கிறார் என்றால் கதை வேறு. அங்கே அடுப்பைத் தள்ளி வைக்கத்தான் வேண்டும். அப்போதும் கீரை ஆய்வது, துணி மடிப்பது போன்றவை அவர் கையில் இருக்கட்டும்.

மகனிடம் பேசிவிட்டு அப்பாவுக்குத் திட்டம் போடுவது

பணம் தருபவர் சிங்கப்பூரில் இருப்பார். அவருக்குத் தினமும் ஐந்தாயிரம் காலடி நடந்த கணக்கு வாட்ஸப்பில் வர வேண்டும். அப்பாவுக்கோ தெருமுனை டீக்கடைக்குப் போய்ப் பேப்பர் படித்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். டீக்கடையைத் திட்டத்தில் எழுதுங்கள். வழியில் எத்தனை படி, எங்கே உட்காரலாம், நாய் எந்த வீட்டில் என்று அவரோடு நடந்தே பாருங்கள். தனக்கு வேண்டியதற்காக என்றால் மனிதர் வலியோடும் எழுந்து வருவார். மகனுக்காக என்றால் நீங்கள் போன மறுநிமிடம் கட்டிலுக்குப் போய்விடுவார்.

அறைக்குள் பெரியவர் இருக்கும்போது அவரைப் பற்றி மருமகளிடம், “ஐயா நல்லா சாப்பிடுறாரா?” என்று கேட்காதீர்கள். அவரிடமே கேளுங்கள்.

நடைப்பயிற்சி மட்டும் போதும் என்று விட்டுவிடுவது

நடப்பது இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது. ஆனால் தடுமாறும்போது உடம்பைத் தாங்கிப் பிடிப்பதற்குத் தொடையில் பலமும் சமநிலையும் வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிட நடை போன்ற உழைப்போடு, வாரம் மூன்று நாளாவது சமநிலைக்கும் பலத்துக்குமான பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலைத் தூக்குவது, ஒரு பாதத்துக்கு முன்னால் மற்றதை ஒட்டி வைத்து நிற்பது. இதற்குச் செலவே கிடையாது.

உட்கார வைத்து மட்டும் பிபி பார்ப்பது

படுக்க வைத்து ஒரு தடவை, எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் ஒரு தடவை, மூன்று நிமிடத்தில் ஒரு தடவை பாருங்கள். படுத்திருந்ததைவிட நிற்கும்போது மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் டாக்டருக்குச் சொல்ல வேண்டும். “காலையில எந்திரிச்சா கிறுகிறுன்னு வருது” என்பவரிடம் இதைப் பார்க்காமல் எந்தப் பயிற்சியையும் தொடங்காதீர்கள்.

மாத்திரையை நிறுத்தச் சொல்வது

நம் வேலை இல்லை. டாக்டரிடம் அனுப்புங்கள்.

குளியலறை

துண்டு மாட்டும் கம்பியைப் பிடித்து எழச் சொல்லாதீர்கள், அது கைப்பிடி ஆகாது.

இரண்டு இட்லியோடு விட்டுவிடுவது

பல் இல்லை, பசி இல்லை என்று காலையில் இரண்டு இட்லி, இரவில் கஞ்சி என்றாகிவிடும். வயதானவர்களுக்கு எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். 50 கிலோ உள்ளவருக்கு 50 கிராம். ஒரு முட்டையில் கிடைப்பது ஆறு கிராம்தான். சுண்டல், பருப்பு, தயிர், மீன் என்று மூன்று வேளைக்கும் பிரித்துச் சேர்க்க வேண்டியிருக்கும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கூட்டக்கூடாது.

வசதியில்லாத வீட்டை அப்படியே விட்டுவருவது

கட்டணம் கட்ட முடியாதவர்களிடம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கச் சொல்லுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளோடு வீட்டுக்கே வந்து தரும் பிசியோதெரபியும் உண்டு.

விழுந்தால் எப்படி எழுவது என்று சொல்லித்தராதது

விழாமல் இருக்க நூறு யோசனை சொல்வோம். விழுந்தவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல மாட்டோம், அபசகுனமாகப் பேசக்கூடாது என்று. தனியாக இருப்பவருக்கு விழுவதை விட, எழ முடியாமல் மணிக்கணக்கில் தரையில் கிடப்பதுதான் பெரிய ஆபத்தாகிவிடுகிறது.

முழங்கால் ஒத்துழைத்தால், பாயை விரித்து நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே பழக்குங்கள். விழுந்ததும் அவசரப்பட்டு எழக்கூடாது. கை, கால், இடுப்பில் கடுமையான வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இருந்தால் அசையவே கூடாது. இல்லையென்றால் ஒருக்களித்துத் திரும்பி, முழங்கையை ஊன்றி, முட்டி போட்டுத் தவழ்ந்து நாற்காலிக்குப் போக வேண்டும். இரண்டு கைகளையும் அதன் மேல் வைத்து, பலமான காலின் பாதத்தை முன்னால் ஊன்றி, அழுத்தி எழுந்து, திரும்பி உட்கார வேண்டும். முடியாதவருக்கு உதவி கூப்பிடும் வழி வேண்டும். செல்போன் அலமாரியின் மேல்தட்டில் சார்ஜில் கிடந்தால் பயனில்லை. தரையில் கிடந்தபடி கையெட்டும் உயரத்தில், ஒரு முக்காலி மேல் இருக்கட்டும். முதல் எண்ணாகப் பக்கத்து வீட்டையும் அடுத்ததாக 108-ஐயும் பதிந்து வையுங்கள், மகனுடைய எண் அதற்குப் பிறகு வரட்டும்.