முத்திரைக் காசை எப்படிப் பார்ப்பது?

வெள்ளித் துண்டில் குறிகளை அடித்துச் செய்த பழங்கால முத்திரைக் காசு கைக்கு வந்ததும் பலர் பூதக்கண்ணாடியைத்தான் தேடுவார்கள். நான் முதலில் தராசில் வைப்பேன். கார்ஷாபணம் என்ற இந்த வெள்ளிக் காசின் எடை 32 குன்றிமணி, ஏறக்குறைய 3.4 கிராம். தேய்மானத்துக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். ரொம்பக் குறைந்தால் எனக்குச் சந்தேகம்தான்.

அப்புறம் ஓரம். தகட்டைத் துண்டு போட்டு, எடை கூடினால் மூலையை நறுக்கியிருக்கிறார்கள். அதனால் கோணல்மாணலாக இருப்பதுதான் லட்சணம். ஓரத்தைச் சுற்றி மெல்லிய வரப்பு ஓடினால் அது அச்சில் வார்த்த போலி.

இனி முத்திரைகள். மேசை விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்துக் காசை மெல்லத் திருப்புங்கள். மகத, மௌரியக் காசுகளின் முன்பக்கத்தில் பொதுவாக ஐந்து குறிகள் இருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடித்ததால் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும். சில பாதி வெளியே போயிருக்கும். என்னிடம் உள்ள ஒரு காசில் சூரியனுக்குப் பாதிக் கதிர்தான் மிச்சம். மீதியை யானையின் பின்னங்கால் மிதித்து நிற்கிறது. அப்படியென்றால் யானையைப் பிறகு அடித்திருக்கிறார்கள்.

சூரியனையும் ஆறு கைச் சக்கரத்தையும் முதலில் பிடியுங்கள். பெரும்பாலான காசுகளில் இவை இரண்டும் உண்டு. வகையைப் பிரித்துக் காட்டுபவை மற்ற மூன்றும்தான். ஐந்தையும் தாளில் வரைந்துகொண்டு, நாணய ஆய்வாளர்கள் குப்தாவும் ஹார்டேக்கரும் தொகுத்த பட்டியலோடு ஒப்பிட்டால் வகை எண் கிடைத்துவிடும்.

'இது மேரு மலை, இது போதி மரம்' என்று வியாபாரி அடித்துச் சொன்னால் தலையாட்டிவிட்டு வாருங்கள். அவற்றை விளக்கும் அந்தக் காலத்து ஏடு எதுவும் நம்மிடம் இல்லை. மூன்று வளைவு மலைமேல் பிறை மட்டும் விதிவிலக்கு. மௌரியர் காலத்தவை எனக் கருதப்படும் சோகௌரா செப்பேட்டிலும் பாட்னா கும்ராகர் தூணிலும் அதே குறி இருப்பதால், அதை மௌரிய அரசோடு சேர்த்துப் பார்ப்பதில் நியாயம் உண்டு.

பின்பக்கத்தை மறந்துவிடாதீர்கள். பழைய காசுகளில் பொடிப்பொடியாகப் பல குறிகள் இருக்கும். பிந்தியவற்றில் பெரும்பாலும் ஒன்றுதான். போடிநாயக்கனூர்ப் புதையல் காசுகளின் பின்பக்கத்தில் கோடுகளால் வரைந்த மீன் இருக்கிறது. அதை வைத்தே அவற்றைப் பாண்டியருடையவை என்கிறார்கள்.

கறுத்திருக்கிறதே என்று புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். நிலத்தைத் தோண்டும்போது கிடைத்த காசு என்றால் 1878 புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.