ஆகஸ்ட் 1க்கு முன்னால்: புதிய தலைமை ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு பதவி உயர்வுக் கலந்தாய்வுக்குப் பிறகும் எங்கள் ஒன்றியத்துக்குப் புதிதாகச் சில தலைமை ஆசிரியர்கள் வருகிறார்கள். நான் ஓய்வு பெற்றுவிட்டாலும் சந்தேகம் என்றால் கூப்பிடுகிறார்கள். போய் உட்கார்ந்து பதிவேடுகளைப் புரட்டினால், எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகள். மாறியிருப்பது ஒன்றுதான்: அன்று தாளில் நடந்தது, இன்று கல்வித் துறையின் இணையப் பதிவேடான எமிஸ் தளத்தில் நடக்கிறது.

நேரத்துக்கு வாருங்கள், ரசீது இல்லாமல் செலவு செய்யாதீர்கள், சத்துணவு அரிசி மூட்டையை ஈரத்தில் வைக்காதீர்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் செய்துவிட்டு, அதன் விலையை ஊர்ப் பிள்ளைகள் பல வருடம் கொடுக்கிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) வரட்டும் என்று பிள்ளையைப் பதிவேட்டுக்கு வெளியே வைப்பது

இதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும். இன்றும் எனக்குக் கோபம் வருகிற தவறு இது.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணைப்படி, ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை உள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை 3 பேர். 91 முதல் 120 வரை 4 பேர். 121 முதல் 200 வரை 5 பேர். 150ஐத் தாண்டினால் அதற்கு மேல் தனியாக ஒரு தலைமை ஆசிரியர். சின்னப் பள்ளிகளில் அந்த இரண்டு பேரில் ஒருவரே தலைமை ஆசிரியர். தமிழ்நாட்டில் இந்தக் கணக்கை ஆகஸ்ட் 1 அன்று இருக்கும் எண்ணிக்கையை வைத்துப் போடுகிறார்கள். இதற்குப் பணியாளர் நிர்ணயம் என்று பெயர். அன்றைய எண்ணிக்கைக்குக் கூடுதலாக ஒரு ஆசிரியர் இருந்தால் அவர் உபரி. பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போவார். அந்தப் பணியிடமும் உங்கள் பள்ளியை விட்டுப் போய்விடும்.

60க்கும் 61க்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு பிள்ளை. அந்த ஒரு பிள்ளை இல்லையென்றால் ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் நடத்த வேண்டும்.

பக்கத்து ஊராட்சியில் ஒரு தொடக்கப் பள்ளி. செங்கல் சூளைக்கு வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். ஜூன் மாதம் ஒரு அம்மா இரண்டு பிள்ளைகளோடு வந்து நின்றார். கையில் துணிக்கடைப் பை. அதற்குள் ஒரு ரேஷன் அட்டை நகல், மடித்து மடித்து மடிப்போரம் கிழிந்த ஒரு தடுப்பூசி அட்டை. டி.சி. இல்லை. பழைய பள்ளி வேறு மாவட்டத்தில். சூளை முதலாளி திடீரென்று இடம் மாற்றியதால் வாங்காமல் கிளம்பிவிட்டார்கள்.

புதிய தலைமை ஆசிரியை நல்ல மனுஷி. பிள்ளைகளைத் திருப்பி அனுப்பவில்லை. வகுப்பில் உட்கார வைத்தார், மதியச் சாப்பாடு போட்டார், நோட்டு கொடுத்தார். ஆனால் சேர்க்கைப் பதிவேட்டில் ஏற்றவில்லை. ‘டி.சி. வந்ததும் சேர்க்கவும்’ என்று வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் நாலு பெயர் எழுதி வைத்திருந்தார். இந்த இருவரும் அதில் இருந்தார்கள். இன்னும் இரண்டு பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்று இல்லை என்று காத்திருப்பு.

ஆகஸ்ட் 1 வந்தது. வகுப்பறையில் 64 பிள்ளைகள். எமிஸில் 60. அந்த வருடமே மூன்றாவது ஆசிரியர் பணி நிரவலில் போனார். ஒன்றாம் வகுப்புக்கு எழுத்தறிமுகம் செய்துகொண்டிருந்தவர் அவர்தான். அப்புறம் இரண்டு பேர், ஐந்து வகுப்பு. ஒருவர் பயிற்சிக்குப் போனால் ஒரே ஆள். வட்டாரக் கல்வி அலுவலரிடம் நான்கு முறை மனு கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. அவர் கையில் இருப்பது அந்தத் தேதியின் பட்டியல்தான்.

இதில் மனசு ஆறாத விஷயம், சட்டம் அந்தத் தலைமை ஆசிரியையின் பக்கம்தான் இருந்தது. பிரிவு 5 என்ன சொல்கிறது? மாற்றுச் சான்றிதழ் தரத் தாமதமானது என்ற காரணத்துக்காகச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. சான்றிதழைத் தராமல் இழுத்தடிக்கிற பழைய பள்ளியின் தலைமை ஆசிரியர் மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. பிரிவு 14: வயதுச் சான்று இல்லை என்று எந்தப் பிள்ளைக்கும் சேர்க்கை மறுக்கக் கூடாது. பிரிவு 4: படிப்பு விட்டுப்போன பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். பிரிவு 15: சேர்க்கைக் காலம் முடிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. எட்டாம் வகுப்பு வரை இதெல்லாம் பொருந்தும்.

ஆக, செய்ய வேண்டியது இதுதான். பிள்ளை வந்த அன்றே பெற்றோரிடம் ஒரு உறுதிமொழிக் கடிதம் வாங்குங்கள். எழுதத் தெரியாதவர் என்றால் நீங்களே எழுதி, படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்குங்கள். சேர்க்கைப் பதிவேட்டில் பேனாவால் ஏற்றுங்கள். குறிப்புக் கட்டத்தில் ‘மா.சா. பின்னர் பெறப்படும்’ என்று எழுதினால் போதும். அன்றைக்கே பழைய பள்ளிக்குப் போன் செய்து பிள்ளையைக் காமன் பூலுக்கு, அதாவது எமிஸில் பள்ளி மாறும் பிள்ளைகளின் பொதுப் பட்டியலுக்கு, விடச் சொல்லுங்கள். அவர்கள் விட்டால்தான் நீங்கள் எமிஸில் உங்கள் பள்ளிக்கு இழுக்க முடியும். இரண்டு நாளில் விடவில்லை என்றால் பிரிவு 5ஐக் குறிப்பிட்டு ஒரு கடிதம், நகல் வட்டாரக் கல்வி அலுவலருக்கு. வெளிமாநிலப் பிள்ளைக்கு எமிஸ் எண் இருக்காது, புதிதாகப் பதிய வேண்டும். ஆதாரையும் காரணம் காட்டாதீர்கள். பள்ளியிலேயே ஆதார் பதிவு செய்யும் திட்டம் 2024இல் வந்துவிட்டது.

இதன் மறுபக்கமும் உண்டு. ஆண்டு முழுக்க ஊரில் இல்லாத பிள்ளையின் பெயரையும், தனியார் பள்ளிக்குப் போய்விட்ட பிள்ளையின் பெயரையும் எண்ணிக்கைக்காக வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். திடீர் ஆய்வில் மாட்டினால் உங்கள் வேலைக்கு ஆபத்து. அதைவிட முக்கியமாக, இல்லாத பிள்ளைக்காக உங்களிடம் நிறுத்திய ஆசிரியர், இருக்கிற பிள்ளைகளுக்காக வேறொரு பள்ளியில் நின்றிருக்க வேண்டியவர். நான் கேட்பது ஒன்றுதான்: வகுப்பில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பிள்ளைகளும் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

ஜூலை மாதக் கடைசி வாரத்தில் ஒருநாள், மதியச் சாப்பாட்டு வரிசையில் நின்று தலையை எண்ணுங்கள். அந்த எண்ணையும் எமிஸ் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். வித்தியாசம் வந்தால், ஆகஸ்ட் 1 வரை உங்களுக்கு அதைவிடப் பெரிய வேலை கிடையாது.

நடுநிலைப் பள்ளியில் மொத்தத்தைக் கூட்டுவது

‘சார், எங்களிடம் 110 பேர் இருக்கிறார்கள், நாலு ஆசிரியராவது வர வேண்டாமா?’ என்று கேட்டால் நான் முதலில் கேட்பது, ஐந்து வரை எத்தனை, ஆறுக்கு மேல் எத்தனை என்பதுதான். தொடக்க நிலைக்கு ஒரு கணக்கு, ஆறு முதல் எட்டுக்கு வேறு கணக்கு. மேல் வகுப்புகளில் 35 பேருக்கு ஒருவர். அதோடு அறிவியல்–கணிதம், சமூக அறிவியல், மொழி என்று மூன்று பிரிவுக்கும் ஆள் இருக்க வேண்டும். இரண்டையும் கலந்து எழுதிய மனு திரும்பித்தான் வரும்.

ஜூனில் சேர்க்கைக்குக் கிளம்புவது

தாமதம். தனியார் பள்ளி வேன் ஏப்ரலிலேயே தெருவுக்குள் வந்துவிடுகிறது. 2024இல் அரசுப் பள்ளிச் சேர்க்கை மார்ச் 1ஆம் தேதியே தொடங்கியது. அங்கன்வாடியில் ஐந்து வயதை நெருங்கும் பிள்ளைகளின் பட்டியலை பிப்ரவரியில் கையில் வாங்குங்கள்.

கட்டடத்தை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கேட்பது

ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஆசிரியரைத் தருவது கல்வித் துறை. கட்டடமும் பராமரிப்பும் ஊராட்சி ஒன்றியம். இது தெரியாமல் ஓடு உடைந்ததற்கும் சுற்றுச்சுவருக்கும் கல்வி அலுவலகத்துக்கே எழுதிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். வட்டார வளர்ச்சி அலுவலருக்கு எழுதுங்கள், நகலைக் கல்வி அலுவலகத்துக்குக் கொடுங்கள். ஒன்றியப் பொறியாளர் வந்து பார்த்து மதிப்பீடு போட்டால்தான் எதுவும் நகரும். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு வழி வேறு, அங்கே பொதுப்பணித் துறை வரும்.

இன்னொன்று. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு பழுதான பள்ளிக் கட்டடங்களை இடிக்க உத்தரவு வந்தது. இடிக்க வேண்டியவைதான், அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் இடிப்பதற்கு மட்டும் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு அனுப்பிவிட்டு, புது வகுப்பறைக்கு மனு தராமல் விட்ட பள்ளிகளை எனக்குத் தெரியும். வேப்பமரத்தடியில் மூன்றாம் வகுப்பும் நாலாம் வகுப்பும் முதுகோடு முதுகாக உட்கார்ந்திருக்க, இரண்டு ஆசிரியர்களும் ஒருவர் குரலை ஒருவர் மீறிக் கத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மழை வந்தால் சத்துணவுக் கூடம்தான் வகுப்பு. ‘இடிக்க வேண்டும், அதற்கு ஈடாக இத்தனை அறை வேண்டும்’ என்று இரண்டையும் ஒரே தீர்மானத்தில் எழுதுங்கள். மாவட்ட ஆட்சியர் வரை அந்த ஒரே தாள் போகட்டும்.

மானியம் வந்ததும் பெயிண்ட் கடைக்குப் போவது

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளி மானியம் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பேர் வரை ₹10,000. 31 முதல் 100 வரை ₹25,000. 101 முதல் 250 வரை ₹50,000. அதில் பத்தில் ஒரு பங்கைத் தூய்மைக்குச் செலவிட வேண்டும். மேலே சொன்ன எண்ணிக்கைப் பிழை இங்கேயும் வந்து அடிப்பதைக் கவனியுங்கள்: 31வது பிள்ளை பதிவேட்டில் இல்லையென்றால் ₹15,000 போயிற்று.

வந்த பணத்தில் முன்சுவருக்கு வண்ணம் அடித்துத் தலைவர்கள் படம் வரைவது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தண்ணீர் வராத கழிப்பறைக்கு மோட்டார் போடுவதுதான் முதல் செலவு. பெண் பிள்ளைகள் மதியம் வரை தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது எத்தனை தலைமை ஆசிரியர்களுக்குத் தெரியும்? கேட்டுப் பாருங்கள். நேரடியாகச் சொல்ல மாட்டார்கள், சத்துணவு அக்காவிடம் சொல்லியிருப்பார்கள்.

இந்தப் பணத்தையே நம்பியும் இருக்காதீர்கள். திட்டச் செலவில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40. பி.எம். ஸ்ரீ என்ற மத்திய அரசின் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாத நிலையில் 2024–25க்கான மத்தியப் பங்கு ₹2,152 கோடி நிறுத்தி வைக்கப்பட்டு, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. பிள்ளைகளுக்கான பணத்தை ஒரு கையெழுத்துக்காக நிறுத்தி வைப்பது அநியாயம் என்பது என் கருத்து. ஆனால் கருத்து சொல்லிக்கொண்டிருந்தால் சாக்கட்டி வராது. குடிநீர்க் குழாய், துப்புரவுப் பணியாளர் என்று ஊராட்சி செய்ய வேண்டியவற்றை ஊராட்சியிடமே கேட்டு வாங்கிப் பழகுங்கள். மானியத்தை வேறு வழியில்லாத செலவுக்கு மிச்சம் வையுங்கள்.

தீர்மானப் புத்தகத்தை வீடு வீடாக அனுப்பிக் கையெழுத்து வாங்குவது

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று கல்வி உரிமைச் சட்டமே வைத்திருக்கிறது. பிரிவு 22இன்படி பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுத வேண்டியது அந்தக் குழுதான். ஆனால் நடப்பது என்ன? ஐந்தாம் வகுப்புப் பையன் கையில் புத்தகத்தைக் கொடுத்து அனுப்புகிறோம். அம்மாக்கள் அடுப்பங்கரையிலிருந்து வந்து, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள்.

ஒருமுறை ஒரு பள்ளியில் கூட்டத்தை நூறு நாள் வேலை முடிகிற நேரத்துக்கு மாற்றிப் பார்த்தார்கள். குழுத் தலைவி களைக்கொத்தோடு நேராக வந்து உட்கார்ந்தார். வளர்ச்சித் திட்டத்தைப் படித்துக் காட்டச் சொன்னார். ‘கணினி அறை’ என்று வந்ததும் நிறுத்தச் சொல்லி, ‘ஏன் சார், ரோட்டைத் தாண்டி வர்ற பிள்ளைகளுக்கு வேகத்தடை கேட்டிருக்கீங்களா?’ என்று கேட்டார். கேட்டிருக்கவில்லை. அந்தக் கோரிக்கை தீர்மானமாகி, அவரே கிராம சபையில் எழுந்து பேசினார். தலைமை ஆசிரியர் எழுதினால் அது கடிதம். குழுவும் கிராம சபையும் நிறைவேற்றினால் அலுவலகம் பதில் சொல்லியாக வேண்டும்.

கூட்டத்தைப் பெற்றோர் வரக்கூடிய நேரத்தில் வையுங்கள். தீர்மானத்தை அங்கேயே எழுதி, உரக்கப் படியுங்கள்.

வாய்மொழி உத்தரவில் ஆசிரியரை மாற்றுப்பணிக்கு அனுப்புவது

அனுப்பாதீர்கள். எழுத்தில் ஆணை கேளுங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்று தவிர வேறு கல்விசாராப் பணிக்கு என்றால் பிரிவு 27ஐக் குறிப்பிட்டுப் பதில் எழுதுங்கள்.