கீழ்ப்பிரிவு ஸ்ட்ரைக்கரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி: ஆர்தர் ரௌலியை முன்வைத்து

இங்கிலாந்து லீக் கால்பந்தில் மிக அதிகக் கோல் அடித்தவர் யார் என்று கேட்டால், பலர் ஜிம்மி கிரீவ்ஸ் என்றோ ஆலன் ஷியரர் என்றோ சொல்வார்கள். உண்மையில் அந்தச் சாதனை ஆர்தர் ரௌலியுடையது. 1946 முதல் 1965 வரை நான்கு கிளப்புகளுக்காக 619 லீக் ஆட்டங்களில் அவர் 434 கோல்கள் அடித்தார். அதை இன்றுவரை எவரும் நெருங்கவில்லை. ஆனாலும் இங்கிலாந்தின் முதன்மைத் தேசிய அணிக்காக அவர் ஒரு முறைகூட ஆடியதில்லை. நாட்டின் உச்சப் பிரிவில் அவர் கழித்தவை மூன்று சீசன்கள் மட்டுமே. இத்தகைய வீரரைப் பற்றி வாழ்க்கைக் குறிப்போ நினைவுக் கட்டுரையோ எழுத உட்காருபவர்கள் 434 என்ற எண்ணில் தொடங்கி, அதை வியந்துவிட்டு, அதிலேயே முடித்துவிடுவது வழக்கம். அந்த எண்ணைப் பிரித்துப் பார்க்காத வரை ரௌலி என்ற மனிதர் கட்டுரைக்குள் வரமாட்டார்.

எனவே ஒரு வாக்கியம்கூட எழுதுவதற்கு முன் அட்டவணை ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு வரி; அதில் கிளப், டிவிஷன் (லீக்கின் அடுக்கு), வீரரின் வயது, ஆடிய ஆட்டங்கள், அடித்த கோல்கள் ஆகியவை இருக்க வேண்டும். ரௌலிக்கு இதைச் செய்து கிளப் வாரியாகக் கூட்டினால், வெஸ்ட் புரோம்விச் ஆல்பியனில் 24 ஆட்டங்களில் 4 கோல்கள், ஃபுல்ஹாமில் 56 ஆட்டங்களில் 27, லெஸ்டர் சிட்டியில் 303 ஆட்டங்களில் 251, ஷ்ரூஸ்பரி டவுனில் 236 ஆட்டங்களில் 152 என்று வரும். வயதையும் பக்கத்தில் எழுதிப் பார்த்தால்தான் கதை பிடிபடும். 1926 ஏப்ரலில் வுல்வர்ஹாம்ப்டனில் பிறந்தவர், முதல் கிளப்பில் ஏறக்குறைய தோல்வியடைந்த இளைஞராகவே இருந்தார். 24 வயதில் லெஸ்டருக்கு வந்த பிறகே கோல்கள் குவியத் தொடங்கின. பெரும்பாலான ஸ்ட்ரைக்கர்கள் ஓய்வைப் பற்றி யோசிக்கும் 32 வயதில் ஷ்ரூஸ்பரிக்குப் போய், அதன் பிறகு மட்டும் 152 கோல்கள் அடித்தார். இந்த ஒரு செய்தியைக்கொண்டே கட்டுரையின் பாதியை எழுதிவிடலாம் என்பது என் கருத்து.

டிவிஷன் பெயர்களில் தமிழ் வாசகர் எளிதில் குழம்பிவிடுவார், எழுதுபவரும் குழம்புவதுண்டு. 1992இல் உச்சப் பிரிவு பிரீமியர் லீக் என்ற பெயரில் தனியே பிரிந்து போனபோது, அதுவரை இரண்டாம் டிவிஷன் எனப்பட்டது முதல் டிவிஷன் ஆயிற்று. 2004இல் அதே பிரிவு சாம்பியன்ஷிப் என்று பெயர் மாறியது. ஆகவே 1957இன் "இரண்டாம் டிவிஷன்" என்பதும் 1997இன் "இரண்டாம் டிவிஷன்" என்பதும் ஒன்றல்ல. முன்னது நாட்டின் இரண்டாம் அடுக்கு, பின்னது மூன்றாம் அடுக்கு. மூன்றாம் அடுக்கும் 1921 முதல் 1958 வரை வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரிந்து கிடந்தது. 1958இல்தான் நாடு தழுவிய மூன்றாம், நான்காம் டிவிஷன்கள் உருவாயின. பெயரை அக்காலத்தில் வழங்கியபடியே எழுதி, முதன்முறை வரும் இடத்தில் அது எத்தனையாவது அடுக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, எந்தக் கோல்கள் கணக்கில் சேரும் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். 434 என்பது லீக் கோல்கள் மட்டுமே, தோற்றால் வெளியேறும் எஃப்.ஏ. கோப்பை முதலான போட்டிகளில் அடித்தவை அதில் இல்லை. லெஸ்டருக்காக அவர் அடித்தவை லீக்கில் 251, எல்லாப் போட்டிகளையும் சேர்த்தால் 265. இந்த இரண்டு எண்களையும் வேறுபாடு சொல்லாமல் ஒரே பத்தியில் கலந்து எழுதிய குறிப்புகள் ஏராளம். இரண்டாம் உலகப் போரின்போது 1939 முதல் 1946 வரை வழக்கமான லீக் நடைபெறவில்லை; அப்போது நடந்த போர்க்காலப் போட்டிகளில் அடித்த கோல்கள் அதிகாரப்பூர்வக் கணக்கில் ஏறுவதில்லை. அதோடு, 1965 ஆகஸ்டுக்கு முன் லீக் ஆட்டங்களில் மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே கிடையாது. ரௌலி அதற்கு முந்தைய சீசனோடு நிறுத்திக்கொண்டவர். ஆகவே அவருடைய 619 ஆட்டங்களிலும் அவர் தொடக்கத்திலிருந்தே களத்தில் இருந்தார். இன்றைய வீரர் ஒருவரின் ஆட்ட எண்ணிக்கையில், கடைசிப் பத்து நிமிடங்களுக்கு வந்து போனவையும் அடங்கியிருக்கும். இருவரின் சராசரியையும் ஒப்பிடுவதற்கு முன் இதை ஒரு வரியிலாவது சொல்லியாக வேண்டும்.

குடும்பத்தில் இன்னொரு வீரர் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. ஆர்தரின் அண்ணன் ஜாக் ரௌலி மான்செஸ்டர் யுனைட்டெட்டின் முன்கள வீரர், 1948 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் இரண்டு கோல்கள் அடித்தவர், இங்கிலாந்துக்கும் ஆடியவர். இருவருமே பந்தை வெடி போல உதைப்பவர்கள் என்று பெயரெடுத்ததால், ஒருவருடைய பட்டப்பெயரும் நிகழ்ச்சிகளும் மற்றவர் மீது ஏறியிருக்கும் வாய்ப்பு உண்டு. "ரௌலி" என்று மட்டும் குறிப்பிடும் பழைய செய்தி கிடைத்தால், தேதியையும் கிளப்பையும் சரிபார்க்காமல் எடுத்தாளாதீர்கள்.

ஒப்பீடு செய்யாமல் எந்தக் கட்டுரையும் நிற்காது. ஆனால் எதனோடு எதை ஒப்பிடுகிறோம் என்பதில் நேர்மை வேண்டும். கிரீவ்ஸின் 357 லீக் கோல்களும் அன்றைய உச்சப் பிரிவான முதல் டிவிஷனில் அடிக்கப்பட்டவை. ரௌலி 1961இல் முறியடித்தது, அதுவரை சாதனையாக இருந்த டிக்ஸி டீனின் 379 லீக் கோல்கள் என்ற எண்ணிக்கையை. டீன் ஆடியதோ, எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி முன்னே நின்று பந்தை வாங்குவதைத் தடுக்கும் ஆஃப்சைடு விதி 1925இல் தளர்த்தப்பட்டுக் கோல்கள் திடீரெனப் பெருகிய காலத்தில். டீனின் புகழ்பெற்ற 60 கோல் சீசனும் (1927–28), அதற்கு முந்தைய ஆண்டு இரண்டாம் டிவிஷனில் மிடில்ஸ்பரோவின் ஜார்ஜ் கேம்செல் அடித்த 59 கோல்களும் அந்த அலையில் வந்தவை. இவர்களுள் யார் பெரியவர் என்று தீர்ப்பு எழுதுவதைவிட, ஒவ்வோர் எண்ணும் எந்தச் சூழலில் விளைந்தது என்று விளக்குவது வாசகருக்கு அதிகப் பயன் தரும்.

இனி, வாசகர் தவறாமல் கேட்கும் கேள்விக்கு வர வேண்டும்: இவ்வளவு கோல் அடித்தவர் ஏன் கீழேயே இருந்தார்? "தேர்வாளர்கள் புறக்கணித்தார்கள்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்வது சோம்பேறித்தனம். 1961 ஜனவரி வரை இங்கிலாந்தில் கால்பந்து வீரர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது; அது நீக்கப்பட்டபோது வாரத்துக்கு 20 பவுண்டு. நட்சத்திரமானாலும் கீழ்ப்பிரிவு வீரரானாலும் அந்த வரம்பைத் தாண்ட முடியாது என்பதால், பெரிய கிளப்புக்குப் போவதால் கிடைக்கும் பண ஆதாயம் இன்றுபோல் மலைக்க வைப்பதாக இல்லை. ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீரரை விடாமல் பிடித்துவைக்கும் உரிமை கிளப்புக்கு இருந்தது. ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்ற வீரர் தொடுத்த வழக்கில் 1963இல் உயர் நீதிமன்றம் அதைக் கண்டித்த பின்னரே அந்தப் பிடி தளர்ந்தது. தேசிய அணியையோ 1963இல் ஆல்ஃப் ராம்சே மேலாளராகப் பொறுப்பேற்கும்வரை ஒரு தேர்வுக்குழுதான் தேர்ந்தெடுத்தது. அந்த ஆண்டுகளில் முன்களத்துக்கு நாட் லோஃப்ட்ஹவுஸ், டாமி டெய்லர் போன்றவர்கள் போட்டியில் இருந்தார்கள். ரௌலியின் உடல்வாகும் கனத்தது. அவருடைய பலம் ஓட்டத்தில் அல்ல, இடக்காலின் உதையில் இருந்தது. இத்தனையையும் முன்வைத்தபின் புறக்கணிப்பா இல்லையா என்பதை வாசகரே முடிவு செய்யட்டும்.

லெஸ்டர் ஆண்டுகளை எழுதும்போது 1956–57 சீசனை நிதானமாகச் சொல்லுங்கள். அந்த ஆண்டு இரண்டாம் டிவிஷனில் 42 ஆட்டங்களில் அவர் அடித்த 44 கோல்கள் அந்தக் கிளப்பின் சீசன் சாதனை. அணி பட்டம் வென்று முதல் டிவிஷனுக்கு ஏறியது. ஆனால் அடுத்த சீசன் முடிந்ததுமே கிளப் அவரை விற்றுவிட்டது.

அவர் போய்ச் சேர்ந்த ஷ்ரூஸ்பரிதான், என்னைப் பொறுத்தவரை, இந்த வாழ்க்கையின் மையம். 1950இல்தான் லீக்கில் சேர்க்கப்பட்ட சிறிய கிளப் அது. அதன் கே மெடோ மைதானம் செவர்ன் ஆற்றின் கரையிலேயே இருந்தது. சுவரைத் தாண்டிப் பறக்கும் பந்து ஆற்றில் விழும். அதை மீட்டுவர ஓர் ஆள் பரிசலில் காத்திருப்பார். ஒகேனக்கல்லில் பரிசல் பார்த்த தமிழ் வாசகருக்கு இந்தக் காட்சியை விளக்கவே தேவையில்லை. இத்தகைய ஒரு விவரம், கிளப்பின் அளவை எந்தப் புள்ளிவிவரத்தையும்விட நன்றாக உணர்த்திவிடும். ரௌலி அங்கே சென்றது ஆட்டக்கார மேலாளராக: அணியைத் தேர்ந்தெடுப்பவரும் அவரே, முன்களத்தில் நின்று கோல் அடிப்பவரும் அவரே. முதல் சீசனிலேயே, அதாவது 1958–59இல், புதிதாக உருவான நான்காம் டிவிஷனில் 38 கோல்கள் அடித்து அணியை மூன்றாம் டிவிஷனுக்கு ஏற்றினார். 1960–61இல் முதன்முதலாக நடந்த லீக் கோப்பையில் (லீக் கிளப்புகள் மோதும், தோற்றால் வெளியேறும் தனிப் போட்டி) ஷ்ரூஸ்பரி அரையிறுதிவரை சென்றது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அணிப் பட்டியலில் தன் பெயரைத் தானே எழுதிக்கொள்ளும் 38 வயதுக்காரரின் மனநிலை எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து எழுத ஆசை வரும். அவருடைய சொற்களே கிடைக்காதவரை அந்த ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது.

ஆதாரங்களைத் தேடும்போது உள்ளூர்ச் செய்தித்தாள்களை முதலில் பாருங்கள். கீழ்ப்பிரிவு ஆட்டங்களைத் தேசிய நாளேடுகள் இரண்டு வரியில் முடித்துவிடும். லெஸ்டர் மெர்க்குரி போன்ற ஊர்ப் பத்திரிகைகளே கோல் எப்படி விழுந்தது என்றும் எழுதின. ஆனால் சனிக்கிழமை மாலை விளையாட்டுப் பதிப்புகள், தொலைபேசியில் சொல்லக் கேட்டு அவசரமாக அச்சேறியவை. யார் காலில் பட்டு உள்ளே போனது என்பதில் தவறு இருக்கலாம். திங்கட்கிழமைப் பதிப்போடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே குறிப்பெடுங்கள்.

ஆடுவதை நிறுத்திய பின்னுள்ள ஆண்டுகளை விட்டுவிடக் கூடாது, நீட்டவும் வேண்டாம். 1968இல் ஷ்ரூஸ்பரியை விட்டு ஷெஃபீல்டு யுனைட்டெட்டுக்கு மேலாளராகச் சென்றார். அங்கு ஒரே ஆண்டுதான் இருந்தார். பிறகு 1970 முதல் 1976 வரை சவுத்எண்டு யுனைட்டெட்டை நடத்தி, 1972இல் அதை நான்காம் டிவிஷனிலிருந்து மேலேற்றினார். 2002 டிசம்பரில் தமது 76ஆம் வயதில் மறைந்தார்.

மரபு பற்றிய பகுதியில் உணர்ச்சிச் சொற்களுக்குப் பதிலாக, சாதனை ஏன் இன்னும் நிற்கிறது என்று எழுதுங்கள். மூன்றாம் அடுக்கில் ஆடிக்கொண்டே 1989இல் இங்கிலாந்துக்குத் தேர்வாகி, முதல் ஆட்டத்திலேயே ஸ்காட்லாந்துக்கு எதிராகக் கோல் அடித்த வுல்வ்ஸ் (வுல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸ்) கிளப்பின் ஸ்டீவ் புல், அங்கேயே தங்கி எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 306 கோல்கள் அடித்தார். கிளப்பின் மொலினூ மைதானத்தின் ஒரு பார்வையாளர் அரங்குக்கு அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். அவருடைய எண்ணிக்கையும் 434க்கு வெகுதொலைவில் நிற்கிறது. சம்பள வரம்பும் கிளப்பின் பிடியும் போன பிறகு, கீழ்ப்பிரிவில் ஒரு சீசனில் முப்பது கோல் அடிக்கும் இளைஞரை அடுத்த கோடையிலேயே மேலே உள்ள கிளப் விலைக்கு வாங்கிவிடுகிறது. அங்கே அவர் மாற்று ஆட்டக்காரர் வரிசையில் உட்கார நேர்வதும் உண்டு. ஏறக்குறைய இருபது சீசன்கள், பெரும்பாலும் இரண்டாம் அடுக்கிலும் அதற்குக் கீழும், ஒவ்வோர் ஆட்டத்தையும் தொடக்கத்திலிருந்தே ஆடும் ஸ்ட்ரைக்கர் உருவாக இன்றைய சந்தை இடம் தருவதில்லை.