மலைநாட்டு ரோட்டுக்கு முதல் ட்ரெயில் பைக்: எப்படிப் பார்த்து எடுப்பது?

ஹட்டன், பண்டாரவளைப் பக்கத்துத் தம்பிமார் முதல் ட்ரெயில் பைக் (கல்லும் மண்ணுமான பாதையிலும் ஓடும் பைக்) எடுக்கும்போது கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, எத்தனை சீசீ எடுக்கலாம்?" அந்தக் கேள்வியைக் கடைசிக்கு வையுங்கள். நம்ம மலைக்கு எடைதான் முதல்.

படி 1: தூக்கிப் பாருங்கள்

தோட்ட ரோட்டில் விழாமல் யாரும் பழகியதில்லை. கொழுந்து லொறி அரைத்த பள்ளம், நடுவில் உருண்டைக்கல், குறுக்கே கான் (வடிகால்). தம்பேதன்னைக்கு மேலே ஒரு மழை நாளில், நண்பரின் கனமான 250 பைக்கோடு தேயிலைச் செடிக்குள் சரிந்தேன். சில்லு மேட்டுப் பக்கம், ஹேண்டில் பள்ளத்துப் பக்கம். தனியாக நிமிர்த்தவே முடியவில்லை. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அக்காமார் மூன்று பேர் சாக்கை இறக்கிவைத்துவிட்டு வந்து கைகொடுத்தார்கள். அவர்கள் இல்லாவிட்டால் இருட்டும்வரை அங்கேயேதான் நின்றிருப்பேன்.

ஆகவே, விற்பவரிடம் கேட்டுக்கொண்டு பைக்கைப் புல்லில் மெதுவாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். பெற்றோல் டேப்பை மூடி, உருளாமல் இருக்க கியரில் போடுங்கள். சீட்டுக்கு முதுகு காட்டிக் குந்தி, ஒரு கையில் ஹேண்டிலையும் மறு கையில் பின் கம்பியையும் பிடித்து, முதுகை வளைக்காமல் கால் பலத்தில் பின்னோக்கி அடி வைத்து நிமிர்த்துங்கள். இரண்டு தரம் முடியாவிட்டால் அந்த பைக் உங்களுக்கு வேண்டாம்.

யமஹா செரோ 250, பெற்றோலோடு சேர்த்தே ஏறத்தாழ 130 கிலோ. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி 158 கிலோ வரும். இந்த வித்தியாசம் தார் ரோட்டில் தெரியாது, சேற்றில் நன்றாகத் தெரியும். செரோ என்பது ஜப்பான் மலைகளில் வாழும் ஆடு போன்ற ஒரு விலங்கின் பெயர். 1985இல் வந்த முதல் செரோவிலிருந்தே மலைப்பாதையில் மெதுவாக ஏறுவதுதான் அதன் வேலை.

படி 2: படிக்கட்டில் கால் வைத்துப் பாருங்கள்

ஷோரூம் தரையில் இரண்டு காலும் எட்டுகிறது என்று நம்பிவிடாதீர்கள். ஏற்றத்து முடக்கில் பைக் நின்றுபோனால், பள்ளத்துப் பக்கம் காலுக்கு நிலம் கிடைக்காது. பெரும்பாலான விழுதல்கள் அங்கேதான். வாங்குமுன் பைக்கை ஒரு படிக்கட்டின் ஓரத்தில் நிறுத்தி, ஒரு காலைக் கீழ்ப்படியில் ஊன்றிப் பாருங்கள். பழைய செரோ 225இன் சீட் 810 மில்லிமீற்றர், எக்ஸ்பல்ஸ் 825. உயரம் குறைந்தவர்களுக்கு அந்த ஒன்றரை சென்டிமீற்றரும் பெரிய விஷயம்.

படி 3: இழுவை

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. அந்த அளவுக்கு எஞ்சின் பலமும் குறையும். காபரேட்டர் (பெற்றோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) உள்ள பைக் என்றால் கலவையில் பெற்றோல் கூடிப்போய்ப் புகை கக்கும். அதிலுள்ள ஜெட்டை (பெற்றோல் வரும் சிறு துளைப் பாகம்) மாற்ற ஒரு நல்ல பாஸ் (மெக்கானிக்) வேண்டும். காபரேட்டருக்குப் பதிலாக இன்ஜெக்ஷன் உள்ள பைக் தானாகச் சரிசெய்துகொள்ளும். ஓட்டிப் பார்க்கும்போது வேகம் பார்க்காதீர்கள். கல் பாவிய ஏற்றத்தில் முதல் கியரில், கிளட்சைத் தேய்க்காமல், நடை வேகத்தில் ஏறுகிறதா என்று பாருங்கள். திணறினால் முன் ஸ்ப்ரொக்கெட்டில் (செயினை இழுக்கும் பல்சக்கரம்) ஒரு பல் குறைத்தாலே நிறைய மாறும், செலவும் குறைவு.

படி 4: சில்லும் பிரேக்கும்

முன்னுக்கு 21 இஞ்சி, பின்னுக்கு 18 இஞ்சி கம்பிச் சில்லு இருந்தால் கல்லின் மேல் ஏறி இறங்கும். பின்பக்கம் டிரம் பிரேக் என்றால் நீண்ட இறக்கத்தில் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறிய கியரிலேயே இறங்கப் பழகுங்கள்.

படி 5: சீ.ஆர். புத்தகம் (வாகனப் பதிவுப் புத்தகம்)

பழைய ஜப்பான் பைக்குகளில் நான் மிகவும் பயப்படுவது இந்தப் புத்தகத்துக்குத்தான். 2020இல் வாகன இறக்குமதி நின்றபின் பழைய பைக்குகளின் விலை ஏறியது. இறக்குமதி 2025இல் திரும்பத் திறந்தது. ஆனாலும் பழைய பைக் எடுப்பவர்கள் பலர். ஹேண்டிலுக்குக் கீழே கழுத்துப் பகுதியில் உள்ள சேசிஸ் இலக்கத்தைத் துணியால் துடைத்து, சீ.ஆர். புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எஞ்சின் இலக்கத்தையும் அப்படியே. தேய்த்த அடையாளமோ மேலே பூசிய புது பெயின்டோ இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் முற்பணம் கொடுக்காமல் திரும்பி வாருங்கள். 100 சீசீக்கு மேல் என்பதால் உங்கள் லைசனில் ஏ வகுப்பு இருக்கிறதா என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.