வணிக இணையதளம் நன்றாக இருக்கிறதா? வந்த வேலை முடிகிறதா என்று பாருங்கள்

நிறுவனங்களின் இணையதளங்களைச் சோதித்து, எது சரியாக இருக்கிறது, எதை மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். என்னிடம் வருகிறவர்கள் அநேகமாக எல்லோருமே முகப்புப் பக்கத்தைத் திறந்து காட்டி, "பார்க்க எப்படி இருக்கிறது?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் உடனே பதில் சொல்வதில்லை. முகப்பை எல்லோருமே திரும்பத் திரும்ப உட்கார்ந்து மெருகேற்றியிருப்பார்கள். அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரு தேவையோடு வந்தவர் அதை முடித்துக்கொண்டு போகிறாரா என்பதுதான் என் அளவுகோல். அந்தச் சோதனையை நீங்களே செய்யலாம். ஒரு தாள், பேனா, மொபைல், கணினி இருந்தால் போதும்.

தாளை எடுத்துக்கொண்டு, தளத்தைத் திறப்பதற்கு முன்பே எழுத ஆரம்பியுங்கள். அந்த நிறுவனத்தைத் தேடி வருகிறவர்கள் எதற்காக வருவார்கள்? மூன்று நான்கு வேலைகளை, அவர்கள் பேசுகிற வார்த்தையிலேயே எழுதுங்கள். மோட்டார் பழுதுபார்க்கும் நிறுவனம் என்றால், "என்னிடம் இருக்கிற மாடலை இவர்கள் சரிசெய்வார்களா?", "இன்றைக்கே ஆள் வருவாரா?", "வந்து பார்ப்பதற்கு மட்டும் எவ்வளவு?" என்று எழுதலாம். தளத்தைப் பார்த்த பிறகு எழுதினால், அதில் பதில் இருக்கிற கேள்விகள் மட்டும்தான் மனதில் வரும். அதனால்தான் இந்த வரிசையை விட்டுக்கொடுக்காதீர்கள் என்கிறேன்.

சரி, இப்போது திறக்கலாம். முகப்பிலிருந்து வேண்டாம். தேடுபொறி வழியாக வருகிறவர் நேராக ஏதோ ஓர் உள்பக்கத்தில் வந்து இறங்குகிறார். நீங்களும் அப்படியே ஓர் உள்பக்கத்தில் இறங்குங்கள். இது யாருடைய தளம், என்ன தொழில் செய்கிறார்கள், நான் இப்போது எந்தப் பகுதியில் இருக்கிறேன், அடுத்து எங்கே போவது? இந்த நான்குக்கும் ஸ்க்ரோல் செய்யாமலே பதில் தெரிய வேண்டும். பிறகு மெனுவைப் படியுங்கள். 'தீர்வுகள்', 'எங்கள் பயணம்', 'ஆற்றல்கள்' என்றெல்லாம் இருந்தால், அவை நிறுவனத்துக்குள் கூட்டம் போட்டுப் பிறந்த சொற்கள். மோட்டார் ஓடாமல் தவிக்கிறவருக்கு 'பழுதுபார்த்தல்' என்ற சொல் கண்ணில் பட்டால் போதும்.

அடுத்த சோதனை மொபைலில். கணினியில் பிரவுசர் ஜன்னலைச் சுருக்கிப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. கொஞ்சம் பழைய போன் கிடைத்தால் இன்னும் நல்லது. வைஃபையை அணைத்துவிட்டு, வெயிலில் போய் நின்று, ஒரு கையால் பயன்படுத்திப் பாருங்கள். தொலைபேசி எண்ணைத் தொட்டால் அழைப்பு போகிறதா? எண்ணைப் படமாகப் போட்டிருந்தால் போகாது. தேவைப்படுகிறவர் அதை மனப்பாடம் செய்து தட்ட வேண்டும். குக்கீ அனுமதிப் பெட்டி, சலுகை அறிவிப்பு, மூலையில் அரட்டைக் குமிழி எல்லாம் வந்து உட்கார்ந்த பிறகு, படிப்பதற்குத் திரையில் எவ்வளவு இடம் மிச்சம்? பொத்தான்களை விரல் தவறாமல் தொட முடிகிறதா? மாற்றுத்திறனாளிகளும் தளத்தைப் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்கான பன்னாட்டு நெறிமுறை (WCAG) ஒன்று உண்டு. 2023இல் வந்த அதன் 2.2 பதிப்பு, தொடும் இடம் குறைந்தது 24-க்கு 24 பிக்சல் இருக்க வேண்டும், அல்லது அதைச் சுற்றிப் போதிய இடைவெளி விட வேண்டும் என்கிறது. இது அடிமட்ட எல்லை. என் கணக்கில் 44 பிக்சல் இருந்தால்தான் பெரிய விரலுக்கும் நடுங்கும் விரலுக்கும் நிம்மதி.

வேகத்தை அளக்க கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் இருக்கிறது, இலவசம். அதில் தெரிகிற வண்ண வட்டத்து மதிப்பெண்ணைப் பார்த்துப் பூரிக்கவும் வேண்டாம், பதறவும் வேண்டாம். மூன்று அளவுகளைத் தேடுங்கள். பக்கத்தின் முக்கியமான பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். தொட்டால் 200 மில்லிவிநாடிக்குள் திரையில் அசைவு வேண்டும். பக்கம் லோடாகும்போது எழுத்தும் படமும் குதிப்பதற்கான எண் 0.1-ஐத் தாண்டக் கூடாது. வருகைகளில் முக்கால்வாசியாவது இந்த எல்லைக்குள் இருந்தால்தான் கூகுள் அதை நல்ல தளம் என்று எண்ணும். மூன்றில் எனக்கு அதிகம் கோபம் வரவழைப்பது குதிப்பதுதான். 'ரத்து செய்' என்று தொடப் போகும் நேரத்தில் மேலே ஒரு படம் வந்து விழும். பொத்தான் கீழே நகரும். விரல் வேறெதையோ தொட்டுவிடும். பெரும்பாலும் காரணம் சின்னது. படத்தின் அகலம் உயரம் எவ்வளவு என்று பக்கத்தில் முன்கூட்டியே குறிப்பிட்டிருக்க மாட்டார்கள். மெதுவாகத் திறப்பதற்கும் அப்படித்தான், கேமராவில் எடுத்த பெரிய படத்தைச் சுருக்காமல் அப்படியே ஏற்றியிருப்பார்கள். வடிவமைப்பாளரைக் குறை சொல்வதற்கு முன் இதைச் சரிபாருங்கள்.

படிக்க முடிகிறதா என்பதைக் கண்ணால் மட்டும் தீர்மானிக்காதீர்கள். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து இப்போது எங்கு பார்த்தாலும் இருக்கிறது. நல்ல கண்ணும் நல்ல திரையும் உள்ள வடிவமைப்பாளருக்கு அது அழகு. அதே நெறிமுறைப்படி சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிர்வு வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1. குரோம் பிரவுசரில் டெவலப்பர் கருவிகளைத் திறந்து எழுத்தின் நிறத்தைச் சொடுக்கினால் இந்த விகிதத்தை அதுவே காட்டும். புகைப்படத்தின் மேல் எழுதிய வரிகளைத் தனியாகப் பாருங்கள். ஓரிடத்தில் தெரியும், மேகம் வரும் இடத்தில் மறைந்துபோகும். தளம் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் இருந்தால் ஒவ்வொரு மொழியிலும் அதே பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். தமிழில் சொல் நீளம்; ஆங்கில அளவுக்கு வெட்டிய பொத்தானில் எழுத்து வெளியே வழியும். வரிகளுக்கு இடையில் இடம் போதாமல் 'கீ'யின் மேல்சுழி மேல் வரியில் முட்டும்.

அப்புறம் மவுஸை ஓரமாக வைத்துவிட்டு, விசைப்பலகையின் டேப் விசையை மட்டும் அழுத்திக்கொண்டே போங்கள். இப்போது எந்தப் பொத்தானில் நிற்கிறோம் என்பதைக் காட்டும் கோடு கூடவே நகர வேண்டும். அது அழகைக் கெடுக்கிறது என்று எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. கை சரியாக இயங்காமல் மவுஸ் பிடிக்க முடியாதவருக்கு, அந்தக் கோடு இல்லாவிட்டால் தளமே இல்லை. எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கியும் பாருங்கள். எதுவும் ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது, காணாமலும் போகக் கூடாது.

இனி படிவம். நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான். விசாரணையும் முன்பதிவும் பணமும் நிறுவனத்துக்குள் வருவது இந்த வாசல் வழியாக. ஆனால் வடிவமைப்பில் கடைசியாகக் கவனிக்கப்படுவதும் இதுதான்.

முதலில் எத்தனை விவரம் கேட்கிறார்கள் என்று பாருங்கள். திரும்ப அழைப்பதற்குப் பெயரும் எண்ணும் போதும். பிறந்த தேதி எதற்கு? ஏற்கெனவே தந்ததையே இன்னொரு பக்கத்தில் மறுபடி கேட்கிறார்களா? எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்ற குறிப்பு கட்டத்துக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே மங்கலாக எழுதி வைத்தால் தட்டச்சு செய்யத் தொடங்கியதும் அது மறைந்துபோகும், பாதியில் எதை நிரப்புகிறோம் என்றே மறந்துவிடும். மொபைலில் தொலைபேசி எண் கட்டத்தைத் தொட்டால் எண் பலகை வர வேண்டும்.

இப்போது வேண்டுமென்றே தவறு செய்யுங்கள். எண்ணுக்கு நடுவில் இடைவெளி விடுங்கள். மின்னஞ்சலில் புள்ளியை விட்டுவிடுங்கள். ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டு அனுப்புங்கள். நல்ல படிவம் இடைவெளியைத் தானே நீக்கிக்கொள்ளும். தவறு இருந்தால், எந்தக் கட்டம், என்ன செய்ய வேண்டும் என்று அந்தக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே சொல்லும். மோசமான படிவம் மேலே 'தவறான உள்ளீடு' என்று ஒரு வரி காட்டிவிட்டு, எழுதிய எல்லாவற்றையும் அழித்துவிடும். கால் மணி நேரம் நிரப்பியவர் இரண்டாம் முறை நிரப்ப மாட்டார், சத்தமில்லாமல் போய்விடுவார். போனது நிறுவனத்துக்குத் தெரியவும் தெரியாது. சிவப்பு நிறத்தால் மட்டும் தவறைக் காட்டுவதும் போதாது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களில் கணிசமாக உண்டு. சொல்லோ குறியோ கூடவே வேண்டும்.

அனுப்பிய பிறகு என்ன வருகிறது? வெறும் 'நன்றி' போதாது. உங்கள் கோரிக்கை வந்து சேர்ந்தது, யார், எப்போது பதில் தருவார் என்று சொல்ல வேண்டும். பிறகு நிறுவனத்தில் விசாரியுங்கள், அந்தச் செய்தி உண்மையிலேயே யாருடைய கைக்காவது வந்ததா என்று. யாரும் திறக்காத ஒரு மின்னஞ்சல் பெட்டிக்கு விசாரணைகள் போய்க்கொண்டிருப்பதை என் வேலையில் பார்த்திருக்கிறேன். அந்தத் தளம் பார்வைக்கு மிக அழகானது.

அழகை நான் ஒதுக்கவில்லை. பக்கத்தைப் பார்த்த 50 மில்லிவிநாடியிலேயே அது ஈர்க்கிறதா இல்லையா என்ற எண்ணம் மனதில் விழுந்துவிடுகிறது என்று 2006இல் வெளியான கனடிய ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் சொந்த ரசனையைத் தீர்ப்பாக்காமல், கண்ணை அரைக்கண்ணாக மூடிக்கொண்டு திரையைப் பாருங்கள். மங்கலில் முதலில் தெரிவது எது? அது அந்தப் பக்கத்தின் முக்கியமான விஷயமாகவே இருக்க வேண்டும். எத்தனை வகைப் பொத்தான்கள், எத்தனை எழுத்துருக்கள் இருக்கின்றன, ஒரே நிறம் எல்லாப் பக்கத்திலும் ஒரே அர்த்தத்தில் வருகிறதா என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை தொடர்பானதை வேகமாகப் பார்த்துவிடலாம்: முகவரி உண்டா, படங்களில் இருப்பவர்கள் உண்மையான ஊழியர்களா, 'செய்திகள்' பகுதியின் கடைசித் தேதி என்ன, கட்டணம் வெளிப்படையா. ஒன்றை மட்டும் கட்டாயம் சோதியுங்கள்: சேர்வது எவ்வளவு சுலபமோ, விலகுவதும் அவ்வளவு சுலபமா? விலகும் வழியை ஒளிப்பது, பயனர் கேட்காததை முன்கூட்டியே டிக் செய்து வைப்பது போன்ற தந்திரங்களுக்கு பிரிட்டனைச் சேர்ந்த பயனர் அனுபவ வல்லுநர் ஹாரி பிரிக்னல் 2010இல் 'டார்க் பேட்டர்ன்' என்று பெயரிட்டார். அதில் ஒன்று இருந்தாலும், மற்ற எல்லாம் நேர்த்தியாக இருந்தாலும், என் அறிக்கையின் முதல் வரியில் அதைத்தான் எழுதுவேன்.

நீங்கள் பார்த்தது போதாது, பிறரையும் பார்க்க வைக்க வேண்டும். ஒரு வகைப் பயனர்களில் ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான சிக்கல்கள் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டு எளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதியது இன்றும் நல்ல தொடக்கம். தாளில் எழுதிய வேலைகளைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் அமைதியாக உட்காருங்கள். "பிடித்திருக்கிறதா?" என்று கேட்டால் மரியாதைக்காக ஆமாம் என்பார்கள். அவர் திணறும்போது "அதோ, மேலே" என்று கை காட்டவும் கூடாது. எங்கே தயங்கினார், எதைத் தேடினார், என்ன முணுமுணுத்தார் என்று குறித்தாலே போதும்.

எழுதும்போது எந்தப் பக்கம், எந்தக் கருவி, எந்த வேலை எங்கே நின்றது என்று எழுதுங்கள். 'வடிவமைப்பு பழையது' என்ற வரியை வைத்துக்கொண்டு யாரும் எதையும் திருத்த முடியாது. வேலையை முழுக்க நிறுத்தும் குறைகள் முதலில், தாமதப்படுத்துபவை அடுத்து, கண்ணை உறுத்துபவை கடைசியில். நன்றாக இருப்பதையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் மறுவடிவமைப்பில் அதையும் தூக்கிவிடுவார்கள்.

திருத்தி முடித்ததும் அதே தாள், அதே போன், அதே வேலைகள் என்று மறுபடி சோதியுங்கள். பேஜ்ஸ்பீடில் உண்மையான பயனர்களின் கணக்கு கடந்த 28 நாட்களுக்கானது. அதனால் மறுநாளே எண் மாறவில்லை என்று யாரையும் கடிந்துகொள்ளாமல் ஒரு மாதம் விட்டுப் பாருங்கள். வருகை குறைவான சிறிய தளங்களுக்கு அந்தக் கணக்கே வராமல் போகலாம். அப்போது பேஜ்ஸ்பீட் தானே பக்கத்தைத் திறந்து பார்த்துத் தரும் ஆய்வக அளவீட்டையும், ஐந்து பேரைப் பார்த்து எழுதிய குறிப்பையும் வைத்துக்கொள்ளுங்கள்.