முகாம் கதைகளைத் திரட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற ஆகஸ்டில் பென்சில்வேனியாவின் பென்சிக் போர் முகாமில் (இடைக்கால வேடமிட்டு ஆண்டுதோறும் நடக்கும் விளையாட்டுப் போர் இது), ஒலிப்பதிவுக் கருவியோடு கூடாரம் கூடாரமாக அலைந்த இரண்டு இளைஞர்கள் நான் முன்பு செய்த தவறுகளை ஒன்றுவிடாமல் செய்துகொண்டிருந்ததைப் பார்த்தபோது, எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. 1966 மே 1 அன்று கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு வீட்டுக் கொல்லைப்புற விழாவாகத் தொடங்கிய, இந்த முகாமின் பின்னே உள்ள சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரனிசம் என்ற சங்கம், இன்று பல 'அரசு'களாக, அதாவது வட்டாரக் கிளைகளாக விரிந்து, இடைக்கால ஐரோப்பாவின் உடை, சமையல், பிரம்பு வாட்போர் ஆகியவற்றை நிகழ்த்திக் காட்டுகிறது. அதன் வரலாற்றில் பாதி, இரவில் நெருப்பைச் சுற்றி அமர்ந்து, 'சத்தியமாகச் சொல்கிறேன், நான் அங்கேயே நின்றேன்' என்று தொடங்கும் கதைகளில்தான் இருக்கிறது. பேட்டரி தீர்வதையும் மேளச் சத்தத்தில் பேச்சு அமுங்குவதையும் பற்றி நான் எழுதப்போவதில்லை; ஒருமுறை பட்டவர் மறுமுறை பார்த்துக்கொள்வார்.

ஆண்டுக் கணக்கு

சங்கத்தின் ஆண்டு மே 1 அன்று பிறக்கிறது. அதை ரோமன் எண்ணில் எழுதுவார்கள். 25ஆம் ஆண்டு என்றால் 1990 மே முதல் 1991 ஏப்ரல் வரை என்று பொருள். ஆகவே அந்த ஆண்டின் பென்சிக் 1990இலும், கிறிஸ்துமஸ் காலத்தை முடிக்கும் பன்னிரண்டாம் இரவு விருந்து 1991 ஜனவரியிலும் விழும். சொன்னவர் சொன்ன கணக்கை அப்படியே எழுதி, பொதுநாட்காட்டி ஆண்டைப் பக்கத்தில் தனியே குறியுங்கள்.

ஒரே பெயரை எழுதுவது

முகாமில் ஒருவருக்கு ஒரு பெயர், ஊரில் வேறு பெயர். முகாம் பெயரும் இடையில் மாறும். எல்லாவற்றையும் குறியுங்கள்.

பாடபேதங்களை ஒன்றாகத் தைப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. முகாமின் காட்டுப் போரில் (மரங்களுக்கிடையே நடக்கும் விளையாட்டுப் போர்) ஒரு வீரருக்கு நேர்ந்த கேலிக்கூத்தை மூவரிடம் பதிவு செய்தேன். கேடயத்தின் வார் அறுந்தது என்றார் அந்த வீரர். தலைக்கவசத்தின் தாடைவார்தான் அறுந்தது என்றார் அவருக்கு எதிரே நின்றவர். போர்க்களத்தையே பார்க்காத சமையற்கூடார அம்மையார், அவர் ஓடிவந்து முழங்கால் காப்பைக் கட்டக் கயிறு கேட்டதாகச் சொன்னார். நானோ புத்திசாலித்தனமாக இரண்டு வார்களையும் அறுத்து, சமையற்கயிற்றால் இரண்டையும் கட்டி, ஒரே கதையாக எங்கள் குழுவின் மடலில் எழுதினேன். மெமரி கார்டில் இடம் வேண்டும் என்று மூன்று பதிவுகளையும் அழித்தும்விட்டேன். நான்கு ஆண்டுகள் கழித்து, அந்தப் போரின்போது முகாமுக்கே வந்திராத ஒரு புதியவர் நெருப்பருகே அந்தக் கதையை என் வாக்கியங்களிலேயே சொன்னார். அந்த வீரர் தலையாட்டி, 'ஆமாம், இரண்டுமே அறுந்தன' என்றார். அவர் முதலில் சொன்னது கேடயம் மட்டும்தான் என்பதற்கு என் வாய்ச்சொல்லைத் தவிர இப்போது சான்று இல்லை.

1972இல் நடந்த முதல் பென்சிக்கின் கதையே இதற்கு எச்சரிக்கை. சங்கத்தின் கிளைகளில் ஒன்றான 'மத்திய அரசின்' (மிடில் கிங்டம்) மன்னராக இருந்த கேரியடாக், இன்னொரு கிளையான 'கிழக்கு அரசின்' மீது போர் அறிவித்தார், பதில் வரவில்லை, பிறகு அவரே கிழக்கே குடிபெயர்ந்து அங்கே மன்னராகி, தாம் அறிவித்த போரில் தாமே தோற்றார் என்பார்கள். தோற்றவர் பிட்ஸ்பர்க் நகரை ஏற்க வேண்டும் என்ற கிண்டலும் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதைக் கிழக்கார் சொல்லும்போது எங்கே நிறுத்துகிறார், மத்தியார் எங்கே சிரிக்கிறார் என்பதைக் கேட்டுப் பாருங்கள். இரண்டையும் கலந்து ஒரு 'சரியான' கதை செய்தால் அந்த இடங்கள் இரண்டும் போய்விடும். ஆகவே ஒவ்வொரு பாடத்தையும் சொன்னவர், நாள், இடம், கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஆகிய குறிப்புகளோடு தனித்தனிக் கோப்பாக வையுங்கள். தட்டெழுதிய பிறகும் ஒலியை அழிக்காதீர்கள்.

அனுமதி

கதை சொன்னவரிடம் மட்டும் கேட்டால் போதாது. கதையில் பெயர் அடிபட்டவரிடமும் கேளுங்கள்.